எல்லாவற்றையும் முழங்காலின் தலையில் போடாதீர்கள்

நாற்பதில் தொடங்கும் ஓட்டம் – 6

ஓடத் தொடங்கிய மூன்றாம், நான்காம் கிழமையில்தான் முழங்கால் தன் குரலைக் காட்டும். முதல் நாட்களில் மூச்சு வாங்கியதும் கெண்டைக்கால் இறுகியதும் அடங்கி, "இனி ஓடலாம்" என்று நம்பிக்கை பிறக்கிற நேரம் பார்த்து, முழங்கால் சில்லைச் சுற்றி ஒரு நோவு. படி இறங்கும்போது தெரியும். பஸ்ஸில் கனநேரம் இருந்துவிட்டு எழும்பும்போது தெரியும். வீட்டில் உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "இந்த உடம்போட உங்களுக்கு ஏன் இந்த ஓட்டம்? இருக்கிற முழங்காலும் தேஞ்சு போகும்."

அந்தக் கிழமையில் நோவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே பழகிவிடும். தசைநாருக்கும் குருத்தெலும்புக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறோம். கால் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. முழங்கால் மடியும் ஒவ்வொரு தடவையும் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. அந்த அழுத்தம் பழக்கத்துக்கு மேலே போகும்போது அந்த இடம் எரிச்சல்படுகிறது. புதிதாக ஓடுகிறவரின் நோவு பெரும்பாலும் இந்த எரிச்சல்தான், தேய்மானம் அல்ல.

தேய்மானப் பயத்துக்கும் பதில் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த கட்டுரை ஒன்றின்படி, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் இருப்பவர்களிடம் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே வாழும் உச்ச நிலை ஓட்டக்காரர்களிடம் 13.3. ஓடுகிறவர்கள் பொதுவாக மெலிந்தவர்கள் என்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் அளவோடு ஓடுவது முழங்காலைத் தின்றுவிடும் என்ற பேச்சுக்கு இங்கே ஆதாரம் இல்லை.

சுவிஸின் பேர்ண் நகரில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அண்ணை ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து இரவுச் சமையல் தொடங்குமுன் கிடைக்கும் இடைவேளையை இந்த நாட்டுச் சமையலறைகளில் சிம்மர்ஷ்டுண்டே என்பார்கள். அந்த நேரத்தில் ஆரே ஆற்றங்கரைக்கு இறங்கி ஓடுகிறார். மே மாதம் நடக்கும் பேர்ண் கிராண்ட் பிரியில் பழைய நகரத்துக்குள் 4.7 கிலோமீட்டர் ஓடும் சின்ன ஓட்டத்தை ஓடி முடிக்க வேண்டும். அதற்குள் எடையும் இறங்க வேண்டும். 1982இல் தொடங்கிய அந்த விழாவின் பெரிய ஓட்டம் 10 மைல். அதற்கு அவர் இன்னும் ஆசைப்படவில்லை.

"ஒவ்வொரு நாளும் ஓடுறனான் தம்பி. ஒரு நாள் விட்டாலும் திண்டதெல்லாம் உடம்பில ஏறிடும் எண்டு பயம்."

அவருடைய முழங்கால் நோவின் வேர் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. எடையைக் குறைக்கும் முழு வேலையையும் அவர் முழங்காலின் தலையில் போட்டுவிட்டார். காலை பத்து மணியிலிருந்து ஓட்டுத்தரையில் நின்ற கால் அது. குனிந்து பெட்டி தூக்கி, கீழ்தளக் குளிர் அறைக்குப் படி இறங்கி ஏறிய கால். முழங்காலைப் பொறுத்தவரை அதெல்லாம் ஒரே கணக்கு; சம்பளத்துக்கு நின்ற நேரமும் ஆசைக்கு ஓடிய நேரமும் அங்கே கூட்டித்தான் எழுதப்படும்.

ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி எரிகிறது. 85 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 400 கலோரிக்குச் சற்று மேலே. வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடும் ஒரு கோப்பை கொத்துரொட்டி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் முழங்கால் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் எடையில் 2 சதவீதம் இழந்தார்கள். உணவையும் கட்டுப்படுத்திப் பயிற்சியும் செய்தவர்கள் 11 சதவீதம் இழந்தார்கள். நோவு மிகக் குறைந்ததும் அவர்களுக்குத்தான். அந்தப் பயிற்சி ஓட்டம்கூட இல்லை. நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்.

அதே பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மெஸியர் குழு 2005இல் சொன்ன ஒரு கணக்கை நான் பலருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நடக்கும்போது, குறையும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் முழங்காலில் ஓர் அடிக்கு விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ இறங்கினால் ஓர் அடிக்கு 20 கிலோ. முதலில் சாப்பாட்டுக் கோப்பை எடையைக் குறைக்கட்டும், முழங்கால் அதன் பயனை அனுபவித்துக்கொண்டே ஓட்டத்துக்குப் பழகட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரவு பதினொரு மணிச் சாப்பாட்டை ஐந்து மணிக்கு, வேலைக்குத் திரும்புமுன் கொண்டுவந்து அளவையும் குறைத்தால் அந்த அண்ணைக்கு அது நல்ல தொடக்கம்.

அப்படியானால் நோவோடு ஓடலாமா? ஓடலாம், ஒரு வரம்புக்குள். பூச்சியத்திலிருந்து பத்து வரை நோவுக்கு எண் கொடுங்கள். இரண்டு வரை பிரச்சினை இல்லை. ஐந்துக்கு மேலே போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு நடங்கள். இடைப்பட்ட நோவு அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் முதல் நாள் ஓடியது அதிகம். கனடாவின் கியூபெக்கில், சில்லைச் சுற்றி நோவுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாரத்தை எப்படிக் கூட்டுவது குறைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்த குழு, அதோடு பயிற்சிகளும் செய்த குழுவுக்கும் ஓடும் முறையையும் மாற்றிய குழுவுக்கும் சமமாகத் தேறியது. 2018இல் வெளிவந்த முடிவு இது. கிழமைக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல், இரண்டு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று மாறிமாறிப் போனால் போதும். ஓடும் மூன்று நாளில் ஒன்றாவது விடுமுறை நாளாக இருக்கட்டும். எட்டி எட்டி வைக்கும் நீண்ட அடியைச் சுருக்கி, அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால் முழங்காலின் பாரம் இன்னும் இறங்கும்.

இந்த நாட்டில் முழங்கால் நோவோடு ஓடப் பழகுகிறவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மலை இருக்கிறது, மலையிலிருந்து இறங்க ரயிலும் இருக்கிறது. சில்லுக்குப் பெரிய எதிரி இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கெண்டைக்கால் வேலை செய்யும், தரையில் மோதும் அதிர்வு மட்டும் குறைவு. பேர்ணில் வாபெர்னிலிருந்து குர்ட்டன் மலைக்குக் காட்டுப் பாதையால் வேகமாக நடந்து ஏறுங்கள். 858 மீட்டர் உச்சியில் நகரமும் பின்னால் பனிமலைகளும் தெரியும். அங்கிருந்து 1899 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறிக் கீழே வாருங்கள். உடம்பு நனைய வியர்த்திருக்கும், முழங்கால் ஓர் இறக்கத்தையும் பார்த்திராது. சூரிச்சில் இருப்பவர்களுக்கு ஊட்லிபெர்க் இருக்கிறது.

இன்னொன்று, நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகும்போது பார்த்தும் பாராமல் கடக்கும் நீலப் பலகைகள். வீட்டா பார்க்கூர். முதலாவது 1968இல் சூரிச்சின் ஃப்ளுன்டர்ன் காட்டில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் சுமார் 500 இருக்கின்றன. காட்டுப் பாதையில் 15 இடங்களில் நின்று பயிற்சி செய்யலாம், காசு இல்லை. முழங்காலுக்கு வேண்டியது தொடையிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் வலு. மரக்குற்றியில் ஒரு காலால் ஏறி மெதுவாக இறங்குவதற்கு இதைவிட நல்ல இடம் தெரியாது. சில ஊர்களில் மரச்சீவல் பரப்பிய மெத்தென்ற ஓட்டப்பாதையும் உண்டு.

சப்பாத்து பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விலையைப் பார்க்காதீர்கள், போட்டு ஓடிப் பாருங்கள். சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கி 1981இல் கனடாவின் கல்கரிக்குப் போன சுவிஸ் அறிஞர் பென்னோ நிக், பல பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் இதுதான்: காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் பொருத்தமானது.

முழங்கால் வீங்கினால், மடித்த இடத்தில் பூட்டிக்கொண்டால், நடக்கையில் சட்டென்று மடிந்து விட்டுக்கொடுத்தால், ஓய்விலும் இரவிலும் நோவு எழுப்பினால், மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் போங்கள். மருத்துவக் காப்புறுதியின் மாதக் கட்டணம் குறையட்டும் என்று 2500 பிராங் ஃபிரான்ஷீஸ் (காப்புறுதி கட்டத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை) எடுத்தவர்கள், அவ்வளவையும் கையால் கட்ட வேண்டுமே என்று மருத்துவரைத் தள்ளிப்போடுவதை நம் வீடுகளில் நிறையவே பார்க்கிறேன். ஒரு தடவை காட்டும் செலவு முழு 2500 ஆகாது. அவர் எழுதித் தரும் ஒரு சீட்டுக்கு ஒன்பது தடவை வரை பிசியோதெரப்பி போகலாம். எழுதிய ஐந்து கிழமைக்குள் முதல் தடவை போய்விட வேண்டும். அடிப்படைக் காப்புறுதியில் இது அடங்கும், ஃபிரான்ஷீஸ் கணக்கிலும் சேரும். டொச் சரளமாக வராதவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அசைவில், எத்தனையாவது நிமிடத்தில், நோவு எந்த எண்ணில் வருகிறது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "முழங்கால் நோகுது" என்பதைவிட அந்தத் தாள் பிசியோதெரப்பிஸ்டுக்கு அதிகம் சொல்லும்.

(அடுத்த கிழமை: குளிர்காலத்தில் ஓடுவது)