சரக்கு வண்டியின் டிரம் பிரேக்: எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்ற வேண்டும்?



வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக விருதுநகர் மண்டிக்குப் போய்ப் பருப்பும் எண்ணெயும் ஏற்றி வர, நம்மில் பலர் ஆம்னி வேன் அல்லது டாடா ஏஸ் வைத்திருக்கிறோம். இவ்விரு வண்டிகளிலும் பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். மூட்டைகளின் பாரம் பெரும்பாலும் பின்பக்கமே விழுகிறது. ஹேண்ட் பிரேக்கும் அந்தச் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஆகவே இதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் வீல் சிலிண்டரைத் தள்ளும். அது இரண்டு ஷூக்களையும் விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது.

ஷூ: லைனிங் ரிவெட் தலை வரை தேயும்முன் மாற்றிவிட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் இரு பக்கமும் சமமாகப் பிடிக்காது. நான்கு ஷூக்களையும் சேர்த்தே மாற்றுக. தளர்ந்த ஸ்பிரிங்குகளையும் அப்போதே மாற்றுவது நல்லது.

வீல் சிலிண்டர்: சக்கரத்தின் உட்புறம் ஈரம் தெரிந்தாலோ, பிரேக் ஆயில் அடிக்கடி குறைந்தாலோ கசிவு என்று பொருள். உட்சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஆயிலில் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டக் கூடாது. உறிஞ்சிய ஆயில் சூடேறும்போது வெளியே வந்து பிரேக்கை வழுக்கச் செய்யும்.

டிரம்: கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம். ஆனால் டிரம்மில் பொறித்துள்ள உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. விரிசல் கண்டால் புதிதுதான்.

பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நலம்.

டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கப்பட்டன. நல்ல உதிரிபாகத்துக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. கலப்படச் சரக்கைக் கடைக்குள் விடாத நாம், பில் இல்லாத போலி ஷூவை மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

வேலை முடிந்ததும் பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே லோடு ஏற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கணக்கு நோட்டில் குறித்து வையுங்கள்.

வண்டியை ஓட்டிப் போவது நம் கடைப் பையன். அவன் வீடு திரும்ப வேண்டும் என்பதை மறந்து, சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது வியாபாரமாகாது.