நூறு வாட்ஸ் பல்பு கேட்டு வரும் வாடிக்கையாளரும் நாமும்

மாலை ஆறு மணிக்கு மேல் மேற்குத் தாம்பரத்திலும் சரி, குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்திலும் சரி, இரு சக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் தவறாமல் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "அண்ணே, ஹெட்லைட் வெளிச்சமே பத்தல. பெரிய பல்பா ஒண்ணு குடுங்க."

பெரிய பல்பு என்றால் நம் வியாபாரத்தில் 100/90 என்று அர்த்தம். சில ஆண்டுகளாக அதற்குப் பதில் "எல்.ஈ.டி. குடுங்க" என்கிறார்கள். கேட்ட சரக்கை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கல்லாவில் போட ஒரு நிமிடம் போதும். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றோம். இப்போது அப்படி விற்பதில்லை. ஏன் என்பதைச் சக வியாபாரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்தில் இரவுப் பணி பார்க்கும் இளைஞர் ஒருவர், தம்முடைய 150 சி.சி. வண்டிக்கு 100/90 பல்பு கேட்டு வந்தார். வண்டியோடு வந்தது 35/35 பல்பு. அது நமக்குத் தெரியும். கேட்டதைக் கொடுத்தோம். பக்கத்து மெக்கானிக் மாட்டியும் கொடுத்தார். அன்றிரவு சாலை பகல்போல் தெரிந்தது என்று மறுநாள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து உருகிப்போன ஹோல்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முடிச்சூர் சாலையைத் தாண்டி, கொட்டும் மழையில், தெரு விளக்கு இல்லாத இடத்தில் ஹெட்லைட் அடியோடு அணைந்துவிட்டதாம். பின்னால் வந்த ஆட்டோவின் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். அடிபடவில்லை. எங்களிடம் சண்டையும் போடவில்லை. "உங்களுக்குத் தெரியும்ல அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு எளிது. 12 வோல்ட் வண்டியில் 35 வாட்ஸ் பல்பு இழுப்பது சுமார் 2.9 ஆம்பியர். 60 வாட்ஸ் என்றால் 5. 100 வாட்ஸ் என்றால் 8.3. அதாவது மின்னோட்டம் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வயரிலும் ஹோல்டரிலும் பிறக்கும் சூடு மூன்று மடங்கோடு நிற்காது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்ந்து எட்டு மடங்காகிவிடும். கம்பெனி போட்டிருக்கும் மெல்லிய வயரும், டிம்–பிரைட் சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளைத் துணுக்கும், பிளாஸ்டிக் ஹோல்டரும் 35 வாட்ஸுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தவை. முதலில் ஹோல்டர் பழுப்பாகும், பிறகு இளகும். டூமின் உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சும் கருகும். பழைய வண்டிகளில் கண்ணாடியும் தகடுமாக இருந்த டூம் இந்தச் சூட்டை ஓரளவு தாங்கியது; இப்போது வருபவை பிளாஸ்டிக். ஃபியூஸ் போனால் அது கொடுக்கும் எச்சரிக்கையையும் சிலர் கேட்பதில்லை. தடித்த கம்பியைச் சுற்றி ஃபியூஸையே ஊமையாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு வகை வண்டி உண்டு. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. சிக்னலில் நின்றால் மங்கி, ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசிக்கும் வண்டி என்றால் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்தக் காயிலுக்குக் கொடுக்கும் சக்தி இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அதில் 100 வாட்ஸ் பல்பை மாட்டினால் வோல்டேஜ் படுத்துவிடும், இழை செக்கச்செவேல் என்று எரியும். பழைய 35 கொடுத்த வெளிச்சம்கூடக் கிடைக்காது. "டூப்ளிகேட் பல்பு கொடுத்துட்டீங்க" என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். சரக்கில் குற்றமில்லை, விற்றதில்தான் குற்றம்.

எச்4 என்பதும் எச்.எஸ்.1 என்பதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எச்4 என்பது 1971-இல் ஐரோப்பாவில் கார்களுக்காக வந்த இரட்டை இழை ஹாலஜன், 60/55 வாட்ஸ். எச்.எஸ்.1 அதே உருவத்தில் இரு சக்கர வாகனத்துக்கு, 35/35 வாட்ஸ். இரண்டும் மாறிப் போகக் கூடாது என்றுதான் பீடத்தின் காதுகளில் சிறு வேறுபாடு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கைவண்ணம் என்ன செய்கிறது? அரத்தை எடுத்து அந்தக் காதை ராவி உள்ளே தள்ளிவிடுகிறது. ராவி நுழைத்த பல்பு நேராக உட்காருவதில்லை. அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு மரத்தைக் காட்டும்.

இந்தப் பல்புகளுக்குள் உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் தெரியும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். டூமின் மேல் பாதியில் மட்டும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சாலையில் கீழ்நோக்கி விழும். எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறாது. இத்தனை நுட்பமும் இழை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் பலிக்கும்.

எல்.ஈ.டி. பல்பில் தகராறு இங்கேதான் தொடங்குகிறது. எல்.ஈ.டி. கெட்ட சரக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பெனியிலேயே எல்.ஈ.டி.க்கு என்று வடிவமைத்த ஹெட்லைட் நன்றாகவே எரிகிறது. ஹாலஜன் இழைக்காக வளைத்த டூமுக்குள் இரண்டு பக்கமும் சிப் ஒட்டிய தடியைச் செருகும்போதுதான் கோளாறு. இழையின் இடமும் பருமனும் வேறு, சிப்பின் இடமும் பருமனும் வேறு. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்கு முன்சக்கரத்தடியில் வெள்ளை வெளேரென்று தெரிவதால் "சூப்பர்" என்பார். ஐம்பது அடிக்கு அப்பால் நிற்கும் எருமை தெரியாது. எதிரே வரும் ஸ்கூட்டர்காரருக்கோ ஒன்றுமே தெரியாது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும், அகரம்தென் பக்கம் உள்ள சாலைகளிலும் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸும் லூமனும் பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும்தான். ஏ.சி. வண்டியில் சில எல்.ஈ.டி.கள் மினுக் மினுக்கென்று துடிக்கவும் செய்யும்.

ஜெர்மனியில்கூட ஹாலஜன் டூமுக்குள் எல்.ஈ.டி. பல்பு போட 2020-இல்தான் வழிவிட்டார்கள். அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல. இந்தப் பல்பு, இந்த மாடல், இந்த டூம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். நம் கவுண்டரில் எந்த வண்டிக்கும் ஒரே பல்பை எடுத்து நீட்டுகிறோம்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் 182-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உரிய விதிகளுக்குப் புறம்பாக வண்டியில் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்கிறது அது. முக்கியப் பாதுகாப்பு பாகம் என்று மத்திய அரசு அறிவித்தவற்றில் தரமில்லாததை விற்பவருக்கு, பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்கிறது அதே பிரிவு. நம் பகுதியில் போலீசார் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டிய கையோடு, இந்தப் பல்பு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்க ஆரம்பித்தால் நம் பாடு என்ன?

சரி, வெளிச்சம் பத்தவில்லை என்று வருபவரை வெறுங்கையோடு அனுப்புவதா? வேண்டியதில்லை. அவருடைய புகார் உண்மைதான். ஆனால் காரணம் பல்பாக இருப்பது அபூர்வம். கடையில் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, ஹெட்லைட் ஹோல்டரில் எவ்வளவு என்று பாருங்கள். ஹோல்டருக்கு வரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை. ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். துருப்பிடித்த எர்த், கரி பிடித்த சுவிட்ச், தளர்ந்த கப்ளர் என்று வழியில் தின்றுவிடுகின்றன. எமரி பேப்பரால் தேய்த்து எர்த்தை முறுக்கினாலே பாதிப் பேருக்குப் புதுப் பல்பு போட்டதுபோல் ஆகிவிடும். கடல் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் படும் நம் பகுதியில் எர்த் துருப்பிடிக்காத வண்டிதான் அதிசயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நீரில் மூழ்கி எழுந்த வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு பல்பு ஃபியூஸாகிறது என்று வருபவருக்கு மேலும் மேலும் பல்பு விற்பதும் நியாயமல்ல. வோல்டேஜ் ஐந்து சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மீட்டர் தாறுமாறாக ஏறினால் போனது ரெகுலேட்டர். அதை விற்றால் நமக்கும் லாபம், அவருக்கும் தொல்லை தீரும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது, அணைக்கச் சுவிட்ச் இல்லை. தினம் இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் வருடத்துக்கு 600 மணி நேரத்துக்குக் குறையாமல் பல்பு எரிகிறது. எனவே நியாயமாகத் தேய்ந்துபோகும் பல்பும் நமக்கு வியாபாரம்தான். 100/90 விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்றில்லை.

மாற்ற வேண்டிய பல்பை அதே வாட்ஸில், நல்ல கம்பெனி சரக்காகக் கொடுங்கள். பீடத்தில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் பக்கத்தில் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள் (அதையும் போலியாகப் பொறிக்கிறார்கள், பில் தராத இடத்தில் வாங்காதீர்கள்). கண்ணாடிக் குமிழை விரலால் தொட வேண்டாம் என்று மெக்கானிக் பையனிடம் சொல்லுங்கள். தொட்டால் கை எண்ணெய் படிந்த இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டலாம். டூம் மங்கியிருந்தால் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுங்கள்: "தம்பி, பல்பு சரிதான், டூம் போயிடுச்சு." பல்பைவிட டூமில் நமக்கு மார்ஜினும் கூடுதல். பேட்டரியில் எரியும் வண்டியாக இருந்து, தூரப் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்று உண்மையாகவே கேட்டால், ரிலேயும் தனி ஃபியூஸும் உள்ள வயரிங் கிட் போட்டு, அதே 35/35 பல்புக்கு முழு வோல்டேஜ் கிடைக்கச் செய்வதுதான் நாங்கள் காட்டும் வழி.

கடைசியில் கோணம். பல்பை மாற்றிவிட்டு ஹெட்லைட்டை எப்படியோ திருகி அனுப்புவதுதான் எங்கும் வழக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 106-இல் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்குக் கூசக் கூடாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாடிக்கையாளரை வண்டியில் உட்கார வைத்து, நாம் எட்டு மீட்டர் தள்ளிச் சற்றுக் குனிந்து நின்று டிம்மைப் பார்த்தால் போதும்.

எங்கள் கடைக்கு எதிரே உள்ள மதில் சுவரில் உரிமையாளரிடம் கேட்டு, ஹெட்லைட் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். பல்பு வாங்கும் எல்லோரும் வண்டியை நிறுத்தி டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் போகிறார்கள். இரண்டு நிமிட வேலை, காசு வாங்குவதில்லை. முதலில் சிரித்த மெக்கானிக்குகள் இப்போது மற்ற கடைகளில் வாங்கிய பல்புக்கும் இங்கேதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மெப்ஸ் இளைஞரும் ஹோல்டர், பல்பு இரண்டையும் மாற்றிக்கொண்டு அந்தச் சுவரில் பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது பிரேக் ஷூவுக்கும் கேபிளுக்கும் வருகிறார். போன மழையில் கோடு பாதி கரைந்துவிட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் மறுபடி சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.