இருபது ஜூலுக்கு இந்தப் பக்கம்

பலூன் சுடும் கடை இல்லாத கோயில் திருவிழா தமிழ்நாட்டில் குறைவு. மெரினாவில் அது நாள்தோறும் உண்டு. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், எட்டிப்பிடிக்கிற தூரம், கட்டை தேய்ந்த ஓர் ஏர்கன். அதன் குறிமுள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நேராகக் குறி பார்த்தவர் தோற்பார், கடைக்காரர் சிரிப்பார். நம்மில் பலருக்குத் துப்பாக்கியோடு உள்ள உறவு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மரக்காணத்துப் பக்கம் பெருமுக்கல்லில் இருக்கும் நண்பர் ஒருவர் அதைத் தாண்டிப் போக ஆசைப்பட்டார். வீடியோக்களில் நூறு மீட்டருக்கு அப்பால் வைத்த பாட்டில் மூடியை ஏர்கன்னால் தெறிக்க விடுகிறார்களாம். “அந்த மாதிரி ஹை பவர் கன் ஒண்ணு நமக்குக் கிடைக்குமா சார்?” என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஏர்கன்னில் வெடிமருந்து கிடையாது. அடைபட்ட காற்று விரியும் வேகத்தில் ஈயக் குண்டு குழலைவிட்டுப் பாய்கிறது. காற்றை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. திருவிழாக் கடையில் இருப்பது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு தடித்த சுருள்வில் அமுங்கிக் கொக்கியில் நிற்கும். விசையை இழுத்தால் வில் விடுபட்டு ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளும். பிஸ்டன் எதிரே உள்ள காற்றை நசுக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பாதையின் முடிவில் பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் குதிக்கும். இந்த இரட்டை உதை நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் ஸ்பிரிங் ஏர்கன்னை இறுக்கிப் பிடிப்பவரைவிட, தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்கிப் பிடிப்பவர் நன்றாகச் சுடுகிறார். இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் சூட்டுக்குச் சூடு மாறும், குறியும் மாறும்.

இன்னொரு வகை, கரியமில வாயு அடைத்த சின்ன சிலிண்டரில் இயங்குவது. நம் கடற்கரைக்கு அது சரிப்படாது. திரவமாக இருக்கும் அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 57 பார். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாகவே இருக்க முடியாது. மரக்காணத்துச் சித்திரை வெயிலில் காலைக்கு ஒரு வேகம், மதியத்துக்கு ஒரு வேகம் என்று குண்டு பாயும்.

நண்பர் வீடியோவில் பார்த்தது மூன்றாவது வகை. பிசிபி என்பார்கள். துப்பாக்கியோடு சேர்ந்த ஒரு குப்பியில் முன்கூட்டியே காற்றை அடைத்து வைப்பது. அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். விசையை இழுத்ததும் ஒரு சிறு சுத்தியல் வால்வைத் தட்டித் திறக்கும், அளந்த காற்று வெளியேறும், வால்வு மூடிக்கொள்ளும். உதை அநேகமாக இல்லை. நல்ல பிசிபியில் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும்; குப்பியில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தாலும் வால்வுக்குப் போகும் அழுத்தத்தை அது ஒரே அளவில் வைத்திருக்கும். முப்பதாவது குண்டும் முதல் குண்டின் வேகத்திலேயே போவது அதனால்தான்.

இது புது யோசனை இல்லை. டைரோல் பகுதியைச் சேர்ந்த ஜிரார்டோனி என்பவர் உருவாக்கிய காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கிலேயே எடுத்துக்கொண்டது. தோளில் அணைக்கும் கட்டைதான் காற்றுக் குப்பி. அதை நிரப்ப 1500 தடவை போல பம்பு அடிக்க வேண்டும். நிரப்பிவிட்டால் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். புகை இல்லை, மழையில் மருந்து நனையும் கவலை இல்லை. அமெரிக்க மேற்கைத் தேடிப் போன லூயிஸ், கிளார்க் குழு இத்தகைய துப்பாக்கி ஒன்றைக் கூடவே கொண்டுபோய், வழியில் சந்தித்த பழங்குடியினரிடம் சுட்டுக் காட்டியது.

அதே காலத்தில் பெருமுக்கல் மலைக்கோட்டைக்காக இங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் ஏடுகளில் அந்த ஊர் ‘பெர்மாக்கோயில்’. வந்தவாசியில் வென்ற கையோடு 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். 1782இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் திரும்பப் பறித்தார்கள். இவர்கள் கையில் இருந்ததெல்லாம் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள். கடற்காற்றின் ஈரம் ஏறிய மருந்தோடு ஐப்பசி மழையில் அவர்கள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் படைகள் காற்றுத் துப்பாக்கியைக் கைவிட்டுவிட்டன. குப்பி கசியும், வால்வு பழுதாகும், சரிசெய்யத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். சிப்பாய்க்கு அது தோதுப்படவில்லை.

இனி பவருக்கு வருவோம். குண்டின் எடையில் பாதியை வேகத்தால் பெருக்கி, மறுபடியும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது அதன் ஆற்றல். அதை ஜூல் கணக்கில் சொல்வார்கள். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் தூரத்தில் சுடும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளின் குண்டு அரை கிராம் சொச்சம் எடை, வினாடிக்கு 175 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் சுமார் 8 ஜூல். நண்பர் பார்த்த பெரிய பிசிபியில் இரண்டு கிராம் குண்டு 270 மீட்டர் வேகத்தில் போனால் 70 ஜூலைத் தாண்டும். புள்ளி 22 ரைபிளின் தோட்டா, ஒப்பீட்டுக்காக, 140 ஜூல் அளவு.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இங்கே ஒரு கோடு போடுகின்றன. ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இரண்டில் ஒன்று மீறினாலே போதும். ‘பவர் கம்மிதானே, 5.5 மில்லிமீட்டர் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு செல்லாது. இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவற்றுக்கு உரிமம் வேண்டாம். வில்லை மாற்றுகிறேன், வால்வைத் திருகுகிறேன் என்று வீட்டில் வேலை பார்த்து 20 ஜூலைத் தாண்டினால், கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்த ‘ஃபீல்டு டார்கெட்’ என்றொரு போட்டி உண்டு. தகரத்தில் வெட்டிய உருவங்களை வயலிலும் தோப்பிலும் வெவ்வேறு தூரத்தில் நட்டுவைப்பார்கள். ஒவ்வொன்றிலும் அதிகம் போனால் 40 மில்லிமீட்டர் அகலத் துளை. குண்டு துளைக்குள் புகுந்தால் உருவம் சாயும், ஓரத்தில் பட்டால் சாயாது. ஐம்பது மீட்டர் வரைக்கும் இலக்குகள் இருக்கும். உலகப் போட்டிகளில் இதற்கான உச்ச வரம்பு சுமார் 16 ஜூல்தான். நம் சட்டம் உரிமமின்றி விட்டிருக்கும் அளவைவிடக் குறைவு.

பவரைக் கூட்டினால் குறி கூடிவிடாது. குண்டின் நடுவே இடுப்புபோல ஒடுங்கியிருக்கும். பின்பக்கப் பாவாடை காற்றில் இழுபட்டு அதை நேராக வைத்திருக்கிறது. ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்கு 340 மீட்டரை, நெருங்கினால் இந்த வடிவம் தள்ளாடத் தொடங்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டு விற்கும் ஏர்கன்களை நான் நம்புவதில்லை. அந்த வேகத்தில் தாளில் விழும் துளைகள் சிதறிக் கிடக்கும்.

காற்றின் குறும்பு இன்னொன்று. 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மில்லிமீட்டர் குண்டு ஐம்பது மீட்டர் போவதற்குள் ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அது மாறாத இறக்கம், பழகிக்கொள்ளலாம். மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மெல்லிய காற்றோ அதே குண்டைப் பத்து சென்டிமீட்டர் போலப் பக்கத்தில் தள்ளிவிடும். மரக்காணம் கரையில் காலையில் நிலக்காற்று. வெயில் ஏறியதும் கடலிலிருந்து கொண்டல் கிளம்பும். இரண்டுக்கும் இடையே கொஞ்ச நேரம் இலை அசையாது. உப்பளத்துக்காரருக்குக் காற்று நின்றால் உப்பு விளைச்சல் மந்தம். ஏர்கன் பழகுபவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

அந்த உப்புக் காற்று துப்பாக்கிக்கு எமன். துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்த குழலில் சீக்கிரமே துரு பூக்கும். பிசிபியில் இன்னும் மோசம்: கைப்பம்பால் ஈரக் காற்றை 200 பாருக்கு அமுக்கும்போது ஈரம் தண்ணீராகிக் குப்பிக்குள் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். பம்பில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முக்குளிப்பவர்களின் காற்று சிலிண்டரிலிருந்தும் நிரப்பலாம். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் மட்டும் போகவே கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அழுத்தமான ஆக்சிஜன் போனால் வெடிக்கும்.

எங்கே சுடுவது? பெருமுக்கல் மலையைக் காட்டி, “பின்னாடி பாறைதானே, குண்டு எங்கே போகும்?” என்றார் நண்பர். பாறைதான் ஆபத்து. கருங்கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பளத்து வெளியும் ஆகாது. குறி தப்பிய ஏர்கன் குண்டு முந்நூறு மீட்டருக்கு மேலும் போகும், பாத்தியில் குனிந்து வேலை செய்பவர் தூரத்தில் தெரியவே மாட்டார். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பரில், துப்பாக்கிச் சூடு பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த தோட்டா ஒரு சிறுவன் தலையில் பாய்ந்து உயிரைக் குடித்தது. அது ஏர்கன் இல்லை, பெரிய ரைபிள். ஆனால் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடக்கூடாது என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். மண்மேடு, மணல் மூட்டை, குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, இவற்றில் ஒன்று பின்னால் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது.

பறவை பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். ஏர்கன் என்றதும் நம் ஊரில் பலருக்குக் கொக்கும் மடையானும் நினைவுக்கு வருகின்றன. பெருமுக்கல்லுக்குப் பக்கத்தில்தான் கழுவெளிச் சதுப்புநிலம். 2021 டிசம்பரில் தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்துக்கு வெளியே சுட்டாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது வேட்டைக்கான அனுமதி ஆகிவிடாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர்கன்களைத் தாங்களாகவே ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. பறவைச் சத்தமே அடங்கிப்போன காடுகளைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இலக்குச் சுடுதல் விளையாட்டுக்கு நல்ல பெயர் வேண்டுமானால், பறவையைச் சுடுபவனை இந்த விளையாட்டுக்காரர்களே ஒதுக்க வேண்டும்.

விளையாட்டாக இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், இதே கடற்கரையில் தெற்கே கடலூரைக் காட்டலாம். அங்கே பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் சீனாவின் பூத்தியன் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார்; டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளிலும் சுட்டார். அவர் பயிற்சி பெற்றது, சென்னையில் பிறந்த ககன் நாரங் தொடங்கிய பயிற்சிக் கூடத்தில். நாரங் 2012 லண்டனில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கியவர். இவர்கள் குறி வைக்கும் தாளில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். ஒரு சுற்றில் அறுபது குண்டுகள். எல்லாம் 8 ஜூலில். வயது போய்விட்டது என்பவர்களுக்கு நடிகர் அஜித் குமார் இருக்கிறார்: ஐம்பதை நெருங்கும் வயதில் 2021இல் மாநிலப் போட்டியில் பதக்கங்களோடு திரும்பினார்.

நண்பருக்கு நான் சொன்ன வழி இதுதான். முதலில் துப்பாக்கி வாங்க வேண்டாம். சென்னை, திருச்சி, கோவை, மதுரை நகரங்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. ஒன்றில் அடையாளச் சான்றோடு போய், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பத்து மீட்டர் தாளில் சுட்டுப் பாருங்கள். துளைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்வரை பழகுங்கள். அடங்கிய பிறகும் ஹை பவர் ஆசை இருந்தால், உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள்.