குமிழிக்கு ஏது மேலும் கீழும்?

1986-இல் சேலஞ்சர் விண்கலத்தில் உயிரிழந்த ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப், மேலே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன பாடம் நடத்தியிருப்பார் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கலம் ஏவப்பட்டுச் சிதறும்வரையிலான அந்த 73 விநாடிகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பாடத்தைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அபூர்வம்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆசிரியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்பப்போவதாக அதிபர் ரீகன் 1984-இல் அறிவித்தார். விண்ணப்பித்தவர்கள் 11,000-க்கும் மேல். நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திவந்த மெக்காலிஃப் தேர்வானார். விண்பயணம் இனி எல்லோருக்கும் சாதாரணம் என்ற விளம்பரத்துக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டார். அந்த விளம்பரம் பொய். ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்தும் கலத்தை ஏவினார்கள். ஜனவரி 28 அன்று எழுவர் மாண்டனர். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பாடம் நடத்தப் புறப்பட்டவர்.

இரண்டு நேரலைப் பாடங்களும், படம்பிடிக்க ஆறு செய்முறைகளும் திட்டத்தில் இருந்தன. ஒரு செய்முறைக்குத் தேவை, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை.

குமிழி லேசானது, அதனால் மேலே போகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதைத் தள்ளுவது நீர். நெரிசலான டவுன் பஸ்ஸில் நடத்துநர் "உள்ளே போ, உள்ளே போ" என்கிறார். கனத்த ஆட்கள் உள்ளே நெருக்க, ஒல்லிப் பையன் படிக்கட்டுக்குத் தள்ளப்படுகிறான். அந்த நடத்துநர்தான் ஈர்ப்பு. விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்திலும் அவர் குரல் ஏறக்குறைய 90 சதவீதம் கேட்கிறது. "ஈர்ப்பே இல்லாத இடம்" என்பது விளம்பரக்காரர்களின் பேச்சு. ஆனால் அங்கே கலமும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கின்றன; அதாவது, பஸ்ஸும் அவர் சொன்ன திசையில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் யாரையும் முந்த முடியாது. எனவே நெருக்கலும் இல்லை. பையன் ஏறிய இடத்திலேயே நிற்கிறான். அடுத்தவன் ஏறினால் இவனோடு ஒட்டிக்கொள்கிறான், மூன்றாமவன் மடியில் உட்காருகிறான், கடைசியில் பஸ்ஸே வீங்குகிறது!

கலத்துக்குள் மிதக்கும் நீருருண்டையில் நடப்பதும் அதுதான். குமிழிகள் தப்பிப்போகாமல் உள்ளேயே இணைந்து பெரிதாகின்றன; மாத்திரை தன் வாயுவையே போர்த்திக்கொள்கிறது; உருண்டை பருக்கிறது. விளிம்பில் உடையும் குமிழி சிதறவிடும் துளி, எதிரே ஏதாவது தடுக்கும்வரை நேராகவே போகும். விண்வெளி வீரர்கள் சோடா குடிக்கத் தயங்குவதும் இதனால்தான்: வயிற்றில் வாயு மேலே பிரிந்து நிற்காது, ஏப்பத்தோடு குடித்த பானமும் வெளியே வந்துவிடும்.

மெக்காலிஃபுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை பார்பரா மார்கன் 2007-இல் விண்வெளிக்குப் போய்வந்தார். மெக்காலிஃபின் செய்முறைகளில் சிலவற்றை, முன்னாள் ஆசிரியர்களான ஜோ அகாபாவும் ரிக்கி அர்னால்டும் 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் செய்து காட்டினார்கள். நுரைக்கும் மாத்திரையும் அவற்றில் ஒன்று. காணொளி இணையத்தில் கிடைக்கிறது. வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, குமிழியை மேலே அனுப்புவது யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.