சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

கடும்புயல் வீசுகிறது. தெருவில் ஓர் இளைஞன் திகைத்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இருக்கும் மாடி வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து, அவன்மீது சாய்கிறது. புழுதி அடங்குகிறது. இளைஞனோ நின்ற இடத்திலேயே நிற்கிறான்! மாடியில் திறந்திருந்த சன்னல் சரியாக அவன் நின்ற இடத்தில் வந்து விழுந்ததால், அவன் உயிர் தப்பினான்.

இக்காட்சி 1928ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ எனும் அமெரிக்கப் பேசாப் படத்தில் இடம்பெற்றது. அவ்விளைஞனாக நடித்தவர் பஸ்டர் கீட்டன்.

பேசாப் படங்களில் நடிகர்களின் குரல் ஒலிக்காது. ஆகவே, நகைச்சுவை நடிகர்கள் உடலையே மொழியாக்கினர். வழுக்கி விழுதல், துரத்தி ஓடுதல், மோதிக்கொள்ளுதல் முதலியவை எந்நாட்டு மக்களுக்கும் விளங்கின. அவர்களைச் சிரிக்கவும் வைத்தன.

1895ஆம் ஆண்டில் பிறந்த கீட்டன், மேடைக் கலைஞர்களான தம் பெற்றோருடன் சிறுவயதிலேயே நடிக்கத் தொடங்கினார். தந்தை அவரை மேடையில் தூக்கி எறிவார். மகன் உருண்டு எழுவார். காயமின்றி விழும் கலையை அவர் அங்குத்தான் கற்றார். தாம் சிரித்தால் மக்கள் குறைவாகவே சிரிக்கின்றனர் என்பதையும் கண்டறிந்தார். எனவே, என்ன நேர்ந்தாலும் சிரிக்காத முகமே பிற்காலத்தில் அவருடைய அடையாளமாயிற்று.

சுவர் விழும் காட்சியில் அவருக்குப் பதிலாக வேறு எவரும் நடிக்கவில்லை. அச்சுவரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். சன்னலுக்கும் அவர் உடலுக்கும் இடையே சில அங்குல இடைவெளியே இருந்தது. அவர் நிற்க வேண்டிய இடம் முன்கூட்டியே அளந்து குறிக்கப்பட்டது. சற்று விலகி நின்றிருந்தாலும் உயிர் போயிருக்கும்.

அளந்து செய்தாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. 1924ஆம் ஆண்டில் வெளியான ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பின்போது, இரயில் நிலைய நீர்த்தொட்டியிலிருந்து வேகமாகக் கொட்டிய நீர் கீட்டனைக் கீழே தள்ளியது. அவரது கழுத்து தண்டவாளத்தில் மோதியது. வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் தொடர்ந்து நடித்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னர், மருத்துவப் பரிசோதனையின்போதுதான் தெரியவந்தது.

கதையில் வரும் இளைஞன் தற்செயலாகத் தப்பினான். கீட்டனோ, பயிற்சியையும் துல்லியமான அளவையும் நம்பி அங்கே அசையாமல் நின்றார். திரையில் தோன்றி மறைந்த அச்சில நொடிகளுக்குப் பின்னால், சிறுவயது முதல் அவர் பெற்ற பயிற்சி இருந்தது.