களியை முழுங்கக் கூடாது, மெல்லணும்! எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு ஓசூர் வீட்டுச் சாப்பாடு எப்படி மாறுகிறது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ராகி களி சாப்பிடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சூடான உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி, விரலால் உருட்டி, கீரைக் குழம்பிலோ கொள்ளுக் குழம்பிலோ புரட்டி, அப்படியே முழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். எல்லை தாண்டி கர்நாடகத்திலும் இதே கதைதான். 'களியை மெல்றவன் ஊருக்குப் புதுசு' என்று கிண்டல் செய்வார்கள்.

ஆனால், எடைக்குறைப்பு சர்ஜரி செய்துகொண்டவருக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் பாடமே இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மென்று, கூழாக்கித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முழுங்கிய களி உருண்டை, சுருங்கிய வயிற்றின் வாசலில் அப்படியே நின்றுவிடும். நெஞ்சு அடைக்கும், வாயில் எச்சில் ஊறும், கடைசியில் வாந்தியில் முடியும்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். நாற்பது வருடம் சாப்பிட்ட விதத்தை மாற்றுவதுதான் நீண்ட வேலை. அது ஒருவரால் மட்டும் முடிகிற வேலையும் இல்லை.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

சாதாரணமாக ஒரு பெரியவரின் வயிறு நன்றாக விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். 'ஸ்லீவ்' என்று சொல்லப்படும் சர்ஜரியில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். அது பிடிப்பது 100 முதல் 150 மில்லி வரைதான். கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்து போய்விடுவதால், ஆரம்பத்தில் பசியே தெரியாது.

'பைபாஸ்' சர்ஜரி வேறு மாதிரி. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தாண்டிப் போய்விடும். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அதுதான். அதனால் எடை குறையும்போதே சத்துக் குறைபாடும் பின்னால் வரும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கிவைத்த முறை இது. இந்தியாவில் நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் எடைக்குறைப்பு சர்ஜரி செய்துகொண்ட பிறகு, பலருக்கும் இது தெரிந்த விஷயமாகிவிட்டது.

முதல் இரண்டு மாதங்கள்

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு மாறும். ஆனால் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரங்கள் திரவம் மட்டும். முதலில் தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த சூப். பிறகு மோர், பால், நீர்க்க காய்ச்சிய ராகிக் கஞ்சி, டாக்டர் சொல்லும் புரோட்டீன் பவுடர். எல்லாமே ஒவ்வொரு மிடறாக. ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கும் பழக்கத்தை மருத்துவமனைப் படுக்கையிலேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்த இரண்டு வாரங்கள் மசித்த உணவு. குழைய வேகவைத்த பருப்பு, தயிர், மசித்த காய். அதன்பின் மென்மையான உணவு. முட்டைப் பொடிமாஸ், பனீர், நன்றாக வெந்த மீன், சின்ன இட்லி. ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதைத் தொட முடியும். அதுவும் குட்டிக் கிண்ணத்தில்.

இந்தக் கட்டத்தில் 'பாவம், வாய்க்கு ருசியா ஒண்ணுமே இல்லையே' என்று வீட்டில் யாராவது ஒரு துண்டு பரோட்டாவை ஊட்டிவிட்டால், அது பாசம் இல்லை, ஆபத்து. உள்ளே தையல் போட்ட இடம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுத் துடிப்பு அதிகமாவது, காய்ச்சல், அடங்காத வயிற்று வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே ஓட வேண்டும்.

அரை மணி நேர இடைவேளைக்குள்...

ஓசூர் என்றாலே ஷிப்ட். 1980-களிலிருந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றி சிப்காட்டில் நூற்றுக்கணக்கான சின்ன நிறுவனங்களும் வளர்ந்த ஊர். காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாற, சாப்பாட்டு நேரமும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கேன்டீனில் அளவில்லாத சாதம், சாம்பார், பொரியல். இடைவேளையோ அரை மணி நேரம். கை கழுவி, வரிசையில் நின்று, உட்காரும்போதே அதில் பாதி போய்விடும்.

சர்ஜரி செய்தவர் ஒருவர் அந்த வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சாப்பிட மட்டுமே இருபது, முப்பது நிமிடம் வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன வயிறு தண்ணீரில் நிறைந்துவிடும். இயந்திரச் சூட்டில் வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரும் அவசியம். அதை ஷிப்ட் முழுக்க மிடறு மிடறாகத்தான் சேர்க்க முடியும்.

இதற்கு வழி கையில் ஒரு சின்ன டப்பா. இரண்டு அவித்த முட்டை, கொஞ்சம் பனீர் அல்லது நன்றாக வெந்த சுண்டல். கேன்டீனில் குழம்பும் காயும் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்காமல், தூங்கி எழுந்த நேரத்திலிருந்து எண்ணுவது நல்லது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு, பிறகு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேலைக்குத் திரும்பும் தேதியையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்காலி வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம் என்றாலும், பாரம் தூக்கும் வேலைக்கு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள்.

களியா, முட்டையா?

நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன். சர்ஜரிக்குப் பிந்தைய சாப்பாட்டில் முதல் கணக்கே இதுதான். இது குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரோட்டீன். ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம் வரை. 100 கிராம் ராகி மாவிலோ 7 கிராம்தான். ராகியில் கால்சியம் 340 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டீ கிளாஸ் அளவு வயிற்றில் களியை முதலில் போட்டால், முட்டைக்கு இடம் இருக்காது. அதனால்தான் 'முதலில் புரோட்டீன், அடுத்து காய், கடைசியில் சாதமோ களியோ' என்று வரிசை சொல்கிறார்கள்.

நம் பக்கத்துச் சாப்பாட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. பனிக்காலத்தில் கிடைக்கும் அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிச் செய்யும் குழம்பு, தோல் இல்லாததால் எளிதாக மசியும். கொள்ளை வேகவைத்துக் கடைந்து குடிக்கலாம். களியை விடவே முடியாது என்பவர்கள், சில மாதங்கள் கழித்து, எலுமிச்சை அளவு உருண்டையை இளக்கமாகக் கிளறி, நிறையக் குழம்போடு மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம்.

கோடை வந்தால் கிருஷ்ணகிரி மாம்பழம். பழமாக ஓரிரு துண்டுகளை, புரோட்டீனுக்குப் பிறகு மென்று சாப்பிடுவது வேறு. ஜூஸாகக் குடிப்பது வேறு. பைபாஸ் செய்தவர் சர்க்கரை போட்ட மாம்பழ ஜூஸைக் குடித்தால், அது வடிகட்டப்படாமல் நேரே சிறுகுடலில் கொட்டும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. இதைத்தான் 'டம்பிங்' என்கிறார்கள். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை திடீரென்று தாழ்ந்து கண் இருட்டும். பிரஸ் மெஷின் முன் நிற்பவருக்கும், பைக்கில் வீடு திரும்புபவருக்கும் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

'சாப்டீங்களா?'

ஓசூரில் 'சாப்டீங்களா?', 'ஊட்டா ஆய்தா?', 'போஜனம் அயிந்தா?' என்று மூன்று மொழிகளிலும் நலம் விசாரிப்பது சாப்பாட்டை வைத்துத்தான். அன்பைச் சோற்றில் அளக்கும் ஊரில், இரண்டு வாயோடு எழுந்திருப்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார். கல்யாணப் பந்தியில் 'என்னண்ணா, இலையில அப்படியே இருக்கே' என்று கேட்பார்கள். கிரகப்பிரவேசத்தில் பெரியம்மா கையால் இனிப்பை வாயில் திணிப்பார். 'இவ்ளோ இளைச்சிட்டீங்க, உடம்புக்கு ஏதாவது...' என்று இழுப்பவர்களும் உண்டு.

இங்கேதான் வீட்டார் முன்னால் நிற்க வேண்டும். 'அவருக்கு வயித்துல ஆபரேஷன், கொஞ்சம்தான் சாப்பிடணும்' என்று மனைவியோ தம்பியோ ஒரு வரி சொல்லிவிட்டால், அந்தப் பந்தி நிம்மதியாக முடியும். பந்திக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் தயிரோ சாப்பிட்டுவிடுவதும் நல்லது.

வீட்டுச் சமையலும் மாறத்தான் வேண்டும். ஒருவருக்கு மட்டும் பத்திய உணவு, மற்றவர்களுக்கு ஞாயிறுதோறும் தொன்னை பிரியாணி என்றால் எத்தனை நாள் தாங்கும்? முதல் வருடம் பசி அடங்கியிருக்கும். அதன்பின் மெல்ல மெல்லத் திரும்பி வரும். அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் மிக்சர் டப்பா இருக்கிறதா, வேகவைத்த பயறு இருக்கிறதா என்பதுதான் எடையைத் தீர்மானிக்கும். கால்பந்து வீரர் மாரடோனா 2005-ல் கொலம்பியாவில் இந்த சர்ஜரி செய்துகொண்டு மெலிந்தார். எடை மறுபடி ஏற, 2015-ல் வெனிசுலாவில் இன்னொரு முறை ஆபரேஷன் மேசைக்குப் போனார்.

ஆபரேஷன் அங்கே, மாத்திரை இங்கே

இந்தப் பகுதியில் பலரும் பெரிய சிகிச்சை என்றால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். ஆபரேஷனுக்குக் குடும்பமே போகும். ஆறாம் மாத ரத்தப் பரிசோதனைக்கு? 'நல்லாத்தானே இருக்கேன், அத்திப்பள்ளி டிராஃபிக்ல எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விடணும்' என்று தள்ளிப்போடத் தோன்றும். தவறு தொடங்குவது அங்கேதான்.

மல்டி வைட்டமின், பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை கிட்டத்தட்ட ஆயுளுக்கும் தேவை. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12 உடம்பில் சேமிப்பாக இருக்கும் சத்து. அதனால் மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. ஓரிரு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும், ஞாபகம் குறையும், ரத்தசோகை வரும். பரிசோதனையை ஓசூரிலேயே செய்து, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்ப முடியுமா என்று டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

* நாள் கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் பி1 சத்து வேகமாகக் குறைந்து மூளையையே பாதிக்கலாம். டிரிப்ஸ் போடச் செல்லும் இடத்தில் சர்ஜரி செய்ததை முதலிலேயே சொல்ல வேண்டும். குளுக்கோஸுக்கு முன் பி1 ஊசி தேவைப்படும்.
* ஷிப்ட் முடிந்து உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்புப் பகுதியில் புண் வரும். பீடி, சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும்.
* சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அளவு மாறும். பழைய சீட்டை வைத்துத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.
* மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைத் தேடி, இரண்டாம் வருடத்துக்குப் பிறகு குடிக்கு அடிமையாகிறவர்களும் இருக்கிறார்கள்.
* பெண்களுக்கு, எடை குறையும்போது நின்றுபோன மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கலாம். 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது தாய்க்கும் குழந்தைக்கும் சத்து போதாமல் போகக் கூடாது என்பதால்தான்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொத்துக் கொத்தாக உதிர்வது பலரையும் பயமுறுத்தும். புரோட்டீனும் சத்து மாத்திரையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். தொங்கும் தோல் அப்படித் தானாகச் சரியாகிவிடாது.

யாருக்கு, எவ்வளவு?

அழகுக்காகச் செய்கிற சிகிச்சை இல்லை இது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், சர்ஜரி செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது தெரியவந்தது. பலருக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது. அதேசமயம், எந்தப் பெரிய ஆபரேஷனையும் போல இதிலும் உயிராபத்து முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது நிறைந்து, டாக்டரின் பரிந்துரையோடு, பி.எம்.ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியார் மருத்துவக் காப்பீட்டில் இடம் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருந்தால் 35-லேயே கிடைக்கும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 165 செ.மீ உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு 40-ஐத் தாண்டும். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க நிறைய இருக்கும். வீட்டில் கேட்க ஒன்றே ஒன்று போதும்: 'நான் அரை மணி நேரம் மென்று சாப்பிடும்போது, கூட உட்கார்ந்து நீங்களும் மெதுவாகச் சாப்பிடுவீர்களா?'

'சாப்பிடுவோம்' என்று பதில் வரும் வீட்டில், எலுமிச்சை அளவுக் களியும் ஒரு விருந்துதான்.