செய்தியை நிறுத்தினால் கட்டணம் இல்லை

2023 ஆகஸ்ட் 16 அன்று கனடாவின் வடபகுதியில் உள்ள யெல்லோநைஃப் நகரத்தைக் காட்டுத்தீ நெருங்கியது. ஏறத்தாழ 20,000 பேரை வெளியேறச் சொன்னது அரசு. தீ எதுவரை வந்திருக்கிறது, எந்தச் சாலையில் போகலாம் என்று கேபின் ரேடியோ என்ற உள்ளூர்ச் செய்தித்தளம் விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஊர்மக்களால் அதை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள்.

அந்த ஜூனில் கனடா நாடாளுமன்றம் இணையச் செய்திச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. செய்திகளைப் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் பெரிய தளங்கள், அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். கொண்டுசேர்க்காத தளத்துக்கு அந்தக் கடமை இல்லை. ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா அந்த வழியில்தான் போனது. ஆகஸ்ட் 1 முதல், கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியே வராதபடி அடைக்கத் தொடங்கியது. தீ பரவிய நாட்களில் பிரதமர் ட்ரூடோ வெளிப்படையாகக் கண்டித்தும் அது இறங்கிவரவில்லை.

கூகுளும் முதலில் அப்படித்தான் எச்சரித்தது. தேடுபொறியிலிருந்து செய்தியை நீக்குவது அவ்வளவு எளிதல்ல; நவம்பரில் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது.

இந்தச் சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. நாளிதழ்களை வாழவைத்த விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு இன்று இந்த இரண்டு நிறுவனங்களிடம் போகிறது. நகராட்சிக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்பும் செலவு மட்டும் பத்திரிகையின் தலையில். ஆனால் கடமையைச் செய்தியோடு பிணைத்தது பெரும் தவறு. செய்தியைக் கைவிட்டால் மெட்டாவுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஃபேஸ்புக்கை நம்பி வாசகர்களைச் சேர்த்த சிறிய தளங்கள்தான் அடிபட்டன.

அபாயம் முன்பே தெரிந்ததுதான். 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தபோது ஃபேஸ்புக் அங்கே செய்தியை அடைத்தது. வானிலை மையத்தின் பக்கம்கூட வெறுமையானது. அரசு திருத்தங்களுக்கு இசைந்த பிறகு செய்தி திரும்பியது, ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. 2024 மார்ச்சில், அவற்றைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றது மெட்டா.

அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா வேறொரு திட்டத்தை அறிவித்தது. அந்நாட்டில் 25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வருவாய் ஈட்டும் தேடுபொறிகளும் சமூக வலைத்தளங்களும், செய்தியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், கட்டணம் செலுத்த வேண்டும். பத்திரிகைகளோடு ஒப்பந்தம் போட்டால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கதவை மூடிக்கொண்டு தப்ப முடியாது. இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். கனடாவிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: கூகுள் பணத்தில் அரசு ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 7 சதவீதம், மற்ற ஒலிபரப்பாளர்களுக்கு 30 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, மீதியை எழுத்து ஊடகங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.